மரத்தரை வீட்டுக்கு ஆறு மாத அட்வான்ஸா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறோம். வாடகை 18,000 ரூபாய். கூடத்திலும் படுக்கையறையிலும் மரத்தரை. கீறல் விழுந்தால் செலவு அதிகம் என்று சொல்லி, வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணத்தின் உச்சவரம்பாக வைத்திருக்கிறது. உங்களுக்கு அது 54,000 ரூபாய். ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. ஆகவே பேரமெல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும்.

அது மரம்தானா என்பதையும் பாருங்கள். மரத்தூளை அழுத்திய பலகையின்மேல் மர வடிவத்தை அச்சிட்டு ஒட்டிய லேமினேட்டையும் மரத்தரை என்றே சொல்கிறார்கள். தரையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரே கணு, ஒரே வளைவு பல பலகைகளில் அச்சாகத் திரும்ப வந்தால் அது லேமினேட். பால்கனிக் கதவடியில் பலகை ஓரங்களை விரலால் தடவுங்கள். விளிம்பு எழும்பியிருந்தால் ஏற்கெனவே தண்ணீர் இறங்கியிருக்கிறது. கெட்டி மரத்தில் விழுந்த கீறலை இழைத்து மெருகேற்றிவிடலாம். லேமினேட் உப்பினால் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

என் தங்கை வீட்டில் ஏசி குழாய் அடைத்துத் தண்ணீர் சொட்டியதில் ஜன்னலோரம் மூன்று பலகைகள் உப்பிவிட்டன. காலி செய்த அன்று வீட்டுக்காரர் அறை முழுவதற்கும் கணக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டார். குடிபோன நாளில் எடுத்த ஒரு படம்கூட அவளிடம் இல்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

நீங்கள் சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, இருக்கும் கீறல்களை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்துடன் இணையுங்கள். இயல்பான தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை, கெட்ட பலகைக்கு மட்டுமே செலவு என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, முன்பணம் திரும்பி வர வேண்டும்.

வாளித் தண்ணீரில் பினாயில் ஊற்றித் துடைப்பது இந்தத் தரைக்கு ஆகவே ஆகாது. வேலைக்கு வரும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ஒட்டப் பிழிந்த துணி மட்டும். பீரோ, கட்டில் கால்களுக்கு அடியில் தடித்த துணி வையுங்கள். சித்திரை வெயிலில் பலகைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தால் பதற வேண்டாம். மரம் சுருங்குவதால் வருவது அது. அதையும் சேதமென்று கணக்கில் சேர்க்க விடாதீர்கள்.