ஆண்கள் காலர்போன் மேல் டாட்டூ போடலாமா? எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பராமரிப்பது?

தாராளமாகப் போடலாம், ஆனால் வலிக்கும். அங்கே தோலுக்கு அடியில் சதை குறைவு, ஊசியின் அதிர்வு எலும்பிலேயே தெரியும்.

எலும்பின் வளைவோடு நீளவாக்கில் ஓடும் கொடி, ஒற்றை வரி, பறவைகள் மாதிரியானவை அங்கே அழகாக உட்காரும். வட்டமும் முகமும் கையைத் தூக்கினாலே கோணிக்கொள்ளும், எனக்குப் பிடிக்காது. எழுத்து என்றால் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள், ஏனென்றால் வருடங்கள் போகப்போக மை பரவி ண, ன போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஸ்டென்சிலை (டாட்டூ குத்தும் முன் தோலில் ஒட்டிப் பார்க்கும் மாதிரிப் படம்) நேராக நின்று, தோளைத் தளர்த்தி வைத்து ஒட்டிப் பாருங்கள்.

இந்திய ராணுவத்தில் சேரும் எண்ணம் இருந்தால் வேண்டவே வேண்டாம். முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும்தான் அனுமதி, பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு. தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் முதலில் தோல் மருத்துவரைக் கேளுங்கள், நெஞ்சும் தோளும் அதற்குப் பேர்போன இடங்கள்.

அப்புறம் பராமரிப்பு. வாசனையில்லாத சோப்பால் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மாய்ஸ்சரைசர் மெல்லிசாகப் பூசினால் போதும் (மஞ்சள் எல்லாம் வேண்டாம்). பை வார், சீட் பெல்ட், கழுத்துச் செயின் இந்த மூன்றும்தான் இங்கே பெரிய தொல்லை, 2, 3 வாரத்துக்கு எதுவும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீச்சலும் கூடாது. பக்கு தானாக உதிரட்டும். சீழோ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் போங்கள். ஆறிய பிறகு வெயிலில் சன்ஸ்கிரீன். ரத்ததானம் செய்பவர் என்றால் 12 மாதம் காத்திருக்க வேண்டும்.