அந்த டம்ளர் யாருகிட்ட இருக்கு?

அன்புள்ள ஆச்சிக்கு,

நான் காரைக்குடிப் பொண்ணு. பதினோரு வருஷமா பெங்களூர்ல இருக்கேன். அம்மா தவறி எட்டு மாசம் ஆகுது. லீவுக்கு ஊருக்குப் போனா சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் பண்ணிடுவாங்க, அடுப்படியைச் சுத்தி உக்காந்து சுடச்சுட சாப்பிடுவோம். சனிக்கிழமை ராத்திரியாவது வீட்ல நாலு பேரும் போனைக் கீழ வச்சிட்டு ஒண்ணா சாப்பிடணும்னு நானும் அதையே பண்ணிப் பாக்கறேன், வரமாட்டேங்குது. ஒரு கப் பச்சரிசி, அது மேல கோபுரமா உளுந்து, அம்மா சொன்ன அதே அளவுதான். ராத்திரியே அரைச்சு வச்சுடறேன். பணியாரம் எண்ணெயா குடிக்குது, ஆறினா துவண்டு போகுது. எந்த எண்ணெய் நல்லது? ஏர் ஃப்ரையர்ல பண்ணலாமா? குடும்பமா உக்காந்து சாப்பிட வேற என்ன பண்ணலாம்? சின்னவன் செட்டிநாடுன்னாலே காரம்னு ஓடறான். எல்லாத்துக்கும் மேல, அம்மாவோட கைமணம் எனக்கு வரவே வராதா ஆச்சி?

ம., பெங்களூர்

அன்புள்ள ம.,

பதில் போட பத்து நாள் ஆயிடுச்சு, மனசுல வச்சுக்காதீங்க. உங்க கடிதம் வந்த அன்னிக்கு நான் அடுப்படியில நாலு டம்ளரை வரிசையா வச்சு அரிசியும் உளுந்துமா கொட்டிக் கொட்டி அளந்துக்கிட்டு உக்காந்திருந்தேன், எங்க வீட்ல அவுக வந்து பாத்துட்டு ஒண்ணும் கேக்காம திரும்பிப் போயிட்டாக. ஏன் அளந்தேன்னு பின்னாடி சொல்றேன். அந்த நேரத்துல போன்ல உங்க கடிதம், அதுல "கோபுரமா உளுந்து". எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

முதல்ல சில்லறையைத் தீத்துடறேன். எண்ணெய்னா கடலை எண்ணெய். ராத்திரியே அரைச்சு வைக்காதீங்க, இது இட்லி மாவு இல்ல, புளிச்சா எண்ணெய் குடிக்கும், நிறமும் செவந்துடும், அப்புறம் எதுக்கு அதுக்கு வெள்ளைப் பணியாரம்னு பேரு. அரிசியையும் உளுந்தையும் ஒண்ணாவே போட்டு ரெண்டு மணி நேரம் ஊற வச்சு நைஸா அரைச்சு, உப்பு, ஒரு சிட்டிகை சீனி, ஒரு கரண்டி பால், தோசை மாவை விட ஒரு பொட்டு இளக்கம், அரைச்ச கையோட சுடணும். ஏர் ஃப்ரையர் கேள்வியை நான் படிக்கல. சின்னவன் ஓடறது ஓட்டல்காரன் போர்டுல எழுதி வச்ச செட்டிநாட்டைப் பாத்து, அதைப் பத்தி எழுதி எழுதி என் கை ஓஞ்சு போச்சு, விட்டுடுவோம்.

இப்ப அந்தக் கைமணத்துக்கு வருவோம். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது தங்கச்சி, கோவிச்சுக்கக் கூடாது. எங்க அப்பச்சி, அதான் எங்க அப்பா, செத்துப் போன ஆளுகளைப் பத்திப் பேசும்போதெல்லாம் ஆம்பளைன்னா "கணக்குல புலி"ம்பாக, பொம்பளைன்னா "என்னா கைமணம்"பாக. என்னமோ மருதாணி மாதிரி அது தானா கையில ஊறி வந்தது மாதிரி. அறுபது வருஷம் அடுப்பு முன்னாடி நின்னு கத்துக்கிட்டதையெல்லாம் ஒரே வார்த்தையில முடிச்சு பரண்ல போட்டாச்சு. கைமணம்னு சொல்லிட்டா அப்புறம் யாரும் அதைக் கேட்டுக் கத்துக்க வேண்டியதில்ல பாருங்க, பொறந்தா உண்டு இல்லேன்னா இல்ல. உங்க கடைசிக் கேள்வியும் அதுதானே. வரவே வராதா. ஏன் வராது? அது கணக்கு. கணக்குன்னா வரும்.

எங்க அப்பத்தாவுக்குத் தேவகோட்டை. எனக்கு எட்டு வயசு இருக்கும், ரெண்டாங்கட்டுல தரையில உக்கார வச்சு என் கையில டம்ளரைக் குடுத்தாக. நெட்டை டம்ளர், எவர்சில்வர், வயித்துல எங்க அய்யாவோட, அதான் எங்க தாத்தாவோட, இனிஷியல் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். பச்சரிசியை ரொப்பி உள்ளங்கையால தலை தட்டச் சொன்னாக. அதுக்கு மேல உளுந்து. நான் ரெண்டு கையாலயும் அள்ளிக் கொட்டினேன், டப்புன்னு என் கையைத் தட்டிவிட்டாக. "அள்ளப்படாது. விரல் இடுக்கு வழியா விடு." விட்டேன். அது மெதுவா கூம்பு மாதிரி எழும்புது, எழும்புது, ஒரு கட்டத்துல மேல விழற பருப்பு நிக்காம சரசரன்னு உருண்டு ஓரம் தாண்டி முறத்துல விழுது. "போதும்"னாக. "அது வேணாம்னு சொல்லுது பாரு, அப்ப நிறுத்திடணும்." கீழ விழுந்த பருப்பை ஒவ்வொண்ணா பொறுக்கி டப்பாவுல போட்டாக. பொறுக்கினதுல எத்தனைன்னு கேட்டா அதையும் சொல்லியிருப்பாக.

இதுல எங்க கண்ணளவு இருக்கு, எங்க கைமணம் இருக்கு? உளுந்து எவ்வளவு உயரம் நிக்கும்ங்கறதை அந்த உளுந்தே முடிவு பண்ணும், குவிச்சா ஒரு சரிவுக்கு மேல எந்தப் பருப்பும் நிக்காது. தராசு வேணாம், எழுதப் படிக்கத் தெரிய வேணாம், எவ அளந்தாலும் ஒரே அளவு வரும். இதைக் கண்டுபிடிச்ச மகராசி பேரு யாருக்கும் தெரியாது.

எங்க அய்யா ரங்கூன்ல கிட்டங்கியில, அதான் செட்டியாருக தங்கி வட்டித்தொழில் பாத்த இடத்துல, இருந்தவுக. அவுக பேரேடு இன்னும் பெட்டியில இருக்கு, ஆராய்ச்சி பண்ற பிள்ளைக வந்து கையுறை போட்டுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுக்குதுக. எடுக்கட்டும், எடுக்க வேண்டியதுதான். 1930 பொருளாதார மந்தத்துக்கு அப்புறம் செட்டியாருக கிட்ட வாங்கின கடனைக் கட்ட முடியாத பர்மா விவசாயிக கிட்டேருந்து நிலம் கைமாறி கைமாறி, 1938 வாக்குல கீழ் பர்மாவோட முக்கியமான நெல் மாவட்டங்கள்ல கால்வாசி நிலம் செட்டியாருக கையில வந்துடுச்சுன்னு ஏக்கர் கணக்கு இருக்கு. பெருமைக்குச் சொல்லல, அந்த விவசாயிக்கு அது என்ன கொடுமையா இருந்திருக்கும். நான் சொல்ல வந்தது, பர்மாவுல ஏக்கர் எத்தனைன்னு எழுதி வச்சிருக்கோம், தேவகோட்டையில டம்ளர் மேல உளுந்து எவ்வளவுன்னு ஒரு சீட்டுல கூட இல்ல. வந்த பிள்ளைகள்ல ஒண்ணு கூட அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்கல. நானும்தான் பெருசா என்ன கிழிச்சேன், வாசல்ல உக்காந்து காபி குடுத்தேன்.

அந்தக் காலத்துப் பெரிய வீட்டைப் பாத்துட்டு எல்லாரும் ஒரே அடுப்புல பொங்கி ஒரே பந்தியில சாப்பிட்டாகன்னு நினைக்கறாக. கல்யாணம் காட்சின்னா அப்படி. மத்த நாள்ல, கல்யாணமாகிக் கொஞ்ச நாள்ல மகனையும் மருமகளையும் "வேறு வைக்கிறது"ன்னு ஒண்ணு உண்டு. வீடு ஒண்ணுதான், ஆனா புள்ளிக்குப் புள்ளி, அதான் கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், தனி அடுப்பு. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்புன்னு அளந்து கையில குடுத்துடுவாக, அதுக்குள்ள ஓட்டணும். எங்க அப்பத்தாவை வேறு வச்சப்ப வயசு பதினாறு. புருஷன் கப்பலேறிட்டாக. மாமியார் அடுப்பு நாலு முழம் தள்ளி, அங்கேருந்து இவுக சட்டியில எண்ணெய் காயற வாசனை போகும். அந்தப் பிள்ளை ஆழாக்கு எது உழக்கு எதுன்னு தடுமாறினா ஐப்பசியிலயே பானை காலி. இதைப் போயி கைமணம்னு சொன்னா எனக்குக் கோவம் வராதா?

சரி, டம்ளர் கதை. அப்பத்தா போனதுக்கப்புறம் சாமான்களைப் பங்கு வச்சப்ப அந்த டம்ளரும் இன்னும் சில பழசும் என் பங்குக்கு வந்துச்சு. ஒரு நாள் பாத்திரக்கடையில எக்ஸ்சேஞ்ச்னு போட்டிருந்தான். நான், இவ்வளவு நியாயம் பேசற நான்தான், அதையெல்லாம் ஒரு பையில போட்டுக்கிட்டுப் போயி எடைக்குப் போட்டுட்டு ஒரு இட்லி குண்டான் வாங்கிட்டு வந்தேன். அடி தட்டையா இருக்கற குண்டான், இப்பவும் இருக்கு, ஒரு நாளும் ஒழுங்கா இட்லி எடுத்ததில்ல. அந்த வருஷத்துலேருந்து என் வெள்ளைப் பணியாரமும் எண்ணெய் குடிக்க ஆரம்பிச்சுது. அரிசி அதே கடை, உளுந்து அதே உளுந்து, கை அதே கை. எனக்கும் கைமணம் போச்சுன்னுதான் நினைச்சேன், வயசாயிடுச்சுன்னு சமாதானம் வேற சொல்லிக்கிட்டேன்.

போன மாசம்தான் உறைச்சுது. நம்ம நெட்டை டம்ளருக்கு வாய் சின்னது, உயரம் அதிகம். இப்ப விக்கற அளவு கப்புக்கு வாய் அகலம், உயரம் கம்மி. வாய் அகலமா இருந்தா கோபுரத்துக்கு அடி பெருசு, அடி பெருசானா உயரமும் சேந்து எழும்பும். கீழ இருக்கற அரிசி கிட்டத்தட்ட அதே அளவுதான், மேல உளுந்து மட்டும் கூடிப்போகுது. அன்னிக்கு அளந்து பாத்தேன்னேனே, நெட்டை டம்ளர்ல நின்ன உளுந்தைக் கரண்டியில அளந்தா ஒன்றரை மேசைக்கரண்டி. கப்புல நின்னது மூணுக்கு ஒரு பொட்டு குறைச்சல். உளுந்து கூடினா எண்ணெய் குடிக்கும், துவளும், இது எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்லும். நீ அம்மா சொன்ன அளவைத்தான் போட்டே, ஆனா அம்மாவோட டம்ளர்ல போடல. (நீன்னு வந்துடுச்சு, இருக்கட்டும்.) அம்மா "ஒரு டம்ளர்"னு சொல்லியிருப்பாக, அதை நீ பெங்களூர்ல போயி கப்பாக்கிட்டே. தப்பு கையில இல்ல பிள்ளை. எட்டு மாசமா ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டி முன்னாடி நின்னு அம்மா எங்கிட்டேருந்து போயிட்டாங்கன்னு அழுதிருப்பே போல, கடிதத்துல எழுதல, எனக்குத் தெரியுது. அழுகையை அம்மாவுக்காக அழு. உளுந்துக்காக அழாத.

இன்னொண்ணு கேட்டிருந்தே, குடும்பமா உக்காந்து சாப்பிட என்ன பண்ணலாம்னு. எல்லாரும் அடுப்படியைச் சுத்தி உக்காந்து சாப்பிட்டோம்னு எழுதியிருக்கியே, நல்லா யோசிச்சுப் பாரு, அதுல உங்க அம்மா உக்காந்திருந்தாகளா? வெள்ளைப் பணியாரம் ஒண்ணொண்ணாத்தான் ஊத்தணும், ஒரு குழிக்கரண்டி மாவை நடுவுல விட்டா அடியில போயி மிதந்து மேல வந்து உப்பும், திருப்பிப் போட்டு ஜல்லிக்கரண்டியால எடுக்கறதுக்குள்ள அடுத்த தட்டு நீளும். சுடறவ சாப்பிடற நேரத்துல மாவும் பசியும் ரெண்டும் தீந்திருக்கும். நாலு பேரும் உக்காரணும்னு நெசமாவே ஆசைன்னா ஒரு வாரம் அதை விட்டுட்டு இடியாப்பம் பிழிஞ்சு வை, கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் போட்டுக் குருமா மாதிரி தெரக்கல் வை, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு அரைச்சு விடறது, சின்னவன் காரம்னு ஓட மாட்டான். இல்லேன்னா மண்டி வை, வெண்டைக்காயும் மொச்சையும் போட்டு. அரிசி களைஞ்ச முதல் தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டு ரெண்டாவது தண்ணியில புளியைக் கரைக்கணும், சின்ன வெங்காயம் பூண்டு மிளகாய், மசாலாப்பொடி பக்கமே போகப்படாது, அந்தத் தண்ணிதான் குழம்பைக் கெட்டியாக்கும். மதியமே வச்சு மூடிட்டா ராத்திரிக்கு இன்னும் நல்லாயிருக்கும், நீயும் தட்டை எடுத்துக்கிட்டு உக்காரலாம். பணியாரம்தான் வேணும்னா பாதி மாவு ஆனதும் கரண்டியை உங்க வீட்டுக்காரர் கையில குடு. முதல் நாலு கோணலா வரும், அதையும் சாப்பிடுங்க.

இப்ப போனை எடுத்து உங்க அண்ணமிண்டிக்கு, அதான் அண்ணிக்குப் போடு. அம்மாவோட அடுப்படிச் சாமான் யாரு பங்குக்குப் போச்சுன்னு கேளு. பச்சரிசி டப்பாவுக்குள்ளயே ஒரு டம்ளர் கிடந்திருக்கும், பாதிப் பேரு வீட்ல அங்கதான் கிடக்கும், அவுக அதுல பேனா, கத்திரிக்கோல் எதையாவது போட்டு வச்சிருந்தாலும் வச்சிருப்பாக. குடுக்க மனசில்லேன்னா குடுக்க வேணாம், ஒரு ஸ்கேலை வச்சு வாய் எத்தனை சென்டிமீட்டர், உயரம் எத்தனைன்னு மட்டும் அளந்து சொல்லச் சொல்லு. எனக்கும் எழுதி அனுப்பு. என்னுது எடைக்குப் போயிடுச்சு, நான் இங்க நாலு டம்ளரை வச்சு ஞாபகத்துலதான் அளந்துக்கிட்டு இருக்கேன்.

ஆச்சி