தேதி தவறினால் வழக்கும் தவறும்

அமெரிக்காவில் வணிகம், வேலை, கட்டுமானத் தகராறுகளை நடத்தும் வழக்கறிஞர் தொழில் பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் சட்டக் குழுவின் பதில்களும்.

என் மகள் அமெரிக்காவில் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள். கட்டுமான வழக்குகள் நடத்தும் வக்கீலாக வேண்டும் என்கிறாள். இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சட்டத்துக்குப் போக முடியுமா?

தாராளமாகப் போகலாம். அங்கே ஒரு பட்டம் வாங்கிய பிறகுதான் சட்டம் படிக்கிறார்கள். அந்த முதல் பட்டம் எந்தத் துறையில் இருந்தாலும் சரி. ஜே.டி. என்ற சட்டப் பட்டத்துக்கு முழுநேரமாகப் படித்தால் 3 வருடம். சேர்க்கைக்குப் பெரும்பாலும் எல்சாட் தேர்வு எழுத வேண்டும். அதன் மதிப்பெண் 120-இல் தொடங்கி 180-இல் முடியும். அதன் பிறகு, தொழில் செய்யப்போகும் மாநிலத்தில் வக்கீலாகப் பதிவு பெறுவதற்கான பார் தேர்வு. பல மாநிலங்கள் ஏற்கும் பொதுத் தேர்வு 2 நாள் நடக்கும். மொத்தம் 400-க்கு நியூயார்க்கில் 266 எடுத்தால் தேர்ச்சி. 2026 ஜூலையில் தொடங்கிப் புதிய வடிவத் தேர்வு மாநிலம் மாநிலமாக வருவதால், உங்கள் மகள் எந்த மாநிலத்தில் எழுதப்போகிறாள் என்பதை முதலிலேயே முடிவு செய்வது நல்லது. பெரும்பாலான மாநிலங்களில் தொழில் ஒழுக்கத் தேர்வு ஒன்றும் தனியாக உண்டு.

கடைசியாக நன்னடத்தை விசாரணை. பழைய கடன் பாக்கி, கல்லூரியில் எடுத்த ஒழுங்கு நடவடிக்கை எல்லாவற்றையும் கேட்பார்கள். சின்னத் தவறை ஒப்புக்கொண்டவர் தப்பிவிடுவார், அதை மறைத்தவர்தான் மாட்டுவார். கட்டட வரைபடத்தையும் வேலை அட்டவணையையும் தானே படித்துப் புரிந்துகொள்ளும் வக்கீல்கள் குறைவு. இன்ஜினியரிங் படித்த உங்கள் மகளுக்கு அது பெரிய பலம்.

தொழிலாளர் நீதிமன்றத்தில் 8 வருடமாக வாதாடுகிறேன். அமெரிக்காவில் வேலை தொடர்பான வழக்குகள் நடத்த என்ன வழி?

அமெரிக்காவுக்கு வெளியே வக்கீலாகப் பதிவு பெற்றவரைக் கலிஃபோர்னியா மேற்கொண்டு சட்டப் படிப்பு இல்லாமலே பார் தேர்வு எழுத விடுகிறது. நியூயார்க் உங்கள் சட்டப் படிப்பின் காலஅளவையும் அது ஆங்கிலப் பொதுச்சட்ட அடிப்படையிலானதா என்பதையும் பார்க்கும்; இரண்டில் ஒன்று மட்டும் குறைந்தால் அங்கே எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் பட்டம் படித்துச் சரிசெய்யலாம்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் முதலாளி காரணம் சொல்லாமலே வேலையை விட்டு அனுப்பலாம். சட்டம் தடுப்பது இனம், பாலினம், மதம், வயது, ஊனம் போன்ற காரணங்களுக்காகவும், புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கவும் நீக்குவதைத்தான். எனவே 'அநியாயமாக நீக்கினார்கள்' என்று வரும் கட்சிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, 'உங்களைப் போலவே தவறு செய்த இன்னொருவரை என்ன செய்தார்கள்?' என்பதுதான்.

அடுத்ததாகத் தேதியைக் கேளுங்கள். மத்தியச் சட்டப்படி பெரும்பாலான பாகுபாட்டு வழக்குகளில் நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது. சமவேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்; மாநிலத்திலும் அதற்கான அமைப்பு இருந்தால் பொதுவாக 300 நாள். வழக்குப் போடலாம் என்ற கடிதம் ஆணையத்திலிருந்து வந்த பிறகு 90 நாள்தான் அவகாசம். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டுக் காத்திருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. நல்ல வழக்குகள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மிகைநேரக் கூலி வழக்குக்கு மத்தியச் சட்டத்தில் 2 வருடம். முதலாளி தெரிந்தே செய்திருந்தால் 3 வருடம்.

சட்டக் கல்லூரி மாணவன் நான். இந்த வக்கீல்கள் தினமும் நீதிமன்றத்தில் வாதாடுவார்களா?

இல்லை. பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கு வருமுன்பே சமரசத்திலோ தள்ளுபடியிலோ முடிந்துவிடும். வேலையில் பெரும்பகுதி 'டிஸ்கவரி' என்ற கட்டத்தில் நடக்கிறது. இரு தரப்பும் தங்களிடம் உள்ள ஆவணங்களையும் மின்னஞ்சல்களையும் எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். மத்திய நீதிமன்ற விதிப்படி எழுத்துக் கேள்விகள் அதிகபட்சம் 25. சாட்சி வாக்குமூலங்கள் ஒரு தரப்புக்கு 10. ஒவ்வொன்றும் ஒரே நாளில் 7 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். 'இதை ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று எழுதிக் கேட்டதற்கு 30 நாளில் பதில் தராவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே ஆகிவிடும்.

மேலே சொன்ன சாட்சி வாக்குமூலத்தை 'டெபொசிஷன்' என்பார்கள். வக்கீலின் அனுபவம் முழுதாகத் தெரிவது இங்கேதான். நீதிபதி இருக்கமாட்டார். ஒரு மேசையைச் சுற்றிச் சாட்சி, இரு தரப்பு வக்கீல்கள், சொல்வதை வரிவரியாகப் பதிவு செய்பவர், அவ்வளவுதான். புதியவர்கள் கையில் இருக்கும் மின்னஞ்சலை எடுத்ததுமே காட்டிவிடுகிறார்கள். சாட்சியும் அதற்கேற்ற விளக்கத்தை அங்கேயே தயாரித்துவிடுகிறார். வேலைநீக்க வழக்கு என்றால், அனுபவசாலி முதலில் 'ஏன் நீக்கினீர்கள்?' என்று திறந்த கேள்வி கேட்பார். பதில் வந்ததும் 'வேறு காரணம்?', மறுபடி 'வேறு?' என்று கேட்டு, 'இனி இல்லை' என்ற சொல்லைப் பதிவில் ஏற்றுவார். கதவெல்லாம் அடைத்த பிறகே மின்னஞ்சலை நீட்டுவார். தன் பக்கச் சாட்சியைத் தயார்ப்படுத்தும்போது சொல்வதும் எளிது: கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஊகிக்காதீர்கள், எதிரே மௌனம் நிலவினால் அதை நிரப்பப் பார்க்காதீர்கள்.

வழக்கு வரும் என்று தெரிந்த அன்றே, எதையும் அழிக்கக் கூடாது என்று கட்சிக்காரருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். தானாக அழியும் மின்னஞ்சல் அமைப்பை நிறுத்தாமல் விட்டுத் தண்டனை வாங்கிய நிறுவனங்கள் உண்டு.

முதன்மை ஒப்பந்ததாரரிடம் வேலை எடுத்துச் செய்யும் உள் ஒப்பந்ததாரராக வேலை முடித்தும் பணம் வரவில்லை என்றால் வக்கீல் என்ன செய்வார்? தாமதத்துக்கு நஷ்டஈடு கிடைக்குமா?

தனியார் கட்டடம் என்றால் அந்தச் சொத்தின் மீதே உரிமைப் பற்று, அதாவது பாக்கிப் பணத்துக்கு அந்தச் சொத்தையே ஈடாக்கும் உரிமை, பதியலாம். கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் உள் ஒப்பந்ததாரர் வேலை தொடங்கிய 20 நாளுக்குள் முன்னறிவிப்பு கொடுத்து, கட்டடம் முடிந்த 90 நாளுக்குள் பற்றைப் பதிய வேண்டும். உரிமையாளர் நிறைவு அறிவிப்பைப் பதிந்துவிட்டால் அது 30 நாளாகச் சுருங்கும். அரசு நிலத்தின் மீது பற்றுப் பதிய முடியாது. அதற்குப் பதிலாகத்தான் மத்திய அரசுப் பணிகளில் முதன்மை ஒப்பந்ததாரர், கீழே வேலை செய்தவர்களுக்குப் பணம் கிடைக்கும் என்று உறுதி தரும் பணப் பொறுப்புப் பத்திரம் தருகிறார். அவரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாதவர் கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 90 நாளில் அவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். வழக்குக்கு 1 வருடம்.

தாமத வழக்கில் எத்தனை நாள் தாமதம் என்பது மட்டும் போதாது, அது எந்த வேலையில் வந்தது என்றும் பார்க்க வேண்டும். வயரிங் 20 நாள் தள்ளிப்போனாலும் அட்டவணையில் அதற்கு 30 நாள் தாராளம் இருந்தால் கட்டடம் தாமதமாகவில்லை; நஷ்டஈடும் இல்லை. இரு தரப்பாலும் ஒரே சமயத்தில் தாமதம் என்றால் பெரும்பாலும் கூடுதல் நாள் கிடைக்கும், பணம் கிடைக்காது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கத்தின் பொது ஒப்பந்தப் படிவத்தில் கோரிக்கையை 21 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று இருக்கிறது. தளத்தில் வாய்ச்சொல்லை நம்பிக் கூடுதல் வேலை செய்தவர் தடுமாறுவது இங்கேதான். அன்றன்று எழுதிய தளக்குறிப்பு, எத்தனை ஆள், என்ன வானிலை, எது வரவில்லை என்று சொல்லும் அந்த ஒரு பக்கம், பிறகு நிபுணர் தயாரிக்கும் தடித்த அறிக்கையைவிட நடுவரிடம் எடுபடும்.