எதிர்த்தரப்பு வக்கீல் பேசுவதைக் கேட்டுக் கோபப்படுவது சரியா?

கேள்வி: கொடூரமான வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் பேசுவதைக் கேட்டால் ரத்தம் கொதிக்கிறது. அப்படிக் கோபப்படுவது சரியா? அவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாதா?

கிரிமினல் வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். இந்த மாதிரி பேச்சு எழும்போதெல்லாம் அவர் எங்கே நின்று பேசினார் என்றுதான் முதலில் கேட்பேன். கோர்ட்டுக்கு உள்ளேயா, வாசலில் மைக் முன்னாலா?

உள்ளே என்றால் பெரும்பாலும் உங்கள் கோபத்தோடு என்னால் சேர முடியாது. "போலீஸ் சொல்லும் நேரம் பொருந்தவில்லை", "அடையாள அணிவகுப்பு (பலரை வரிசையாக நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வது) முறையாக நடக்கவில்லை", "சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார்" என்றெல்லாம் சொல்வது அவருடைய வேலை. தன் கட்சிக்காரர் குற்றம் செய்தாரா என்பதில் வக்கீலின் சொந்தக் கருத்து எதுவானாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்று, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதியே சொல்கிறது. விருப்பமான வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22ஆவது பிரிவில் இருக்கிறது.

வக்கீல் இல்லாமல் விசாரணை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியில் 1997 டிசம்பரில் பேருந்தில் குண்டு வெடித்த வழக்கைச் சொல்வேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கு 2004இல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். ஆனால் பெரும்பாலான சாட்சிகளை விசாரித்தபோது அவர் பக்கம் வக்கீலே இல்லை; குறுக்கு விசாரணையும் நடக்கவில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து, மறுபடி முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. குண்டுவெடிப்பில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பதினான்கு வருஷத்துக்கு மேல் கழிந்த பிறகு வழக்கு ஆரம்பப் புள்ளிக்குப் போய் நிற்கிறது.

"இவனுக்காக யாரும் ஆஜராகக் கூடாது" என்று வக்கீல் சங்கங்களே தீர்மானம் போடுவதும் உண்டு. அது செல்லாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதலில், போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டதிலிருந்து வந்த வழக்கு அது. அதற்குப் பிறகும், 2012 டிசம்பர் டெல்லிப் பேருந்து பாலியல் வன்கொடுமை வழக்கில் சாகேத் நீதிமன்ற வக்கீல்கள் ஆஜராக மறுத்தார்கள். ஆஜராக முன்வந்தவரைச் சக வக்கீல்களே கூச்சல் போட்டு எதிர்த்தார்கள். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஏற்க முடியாது.

சரி, கோர்ட்டுக்கு வெளியே? அதே டெல்லி வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2015இல் வந்த பிபிசி ஆவணப்படத்தில் எதிர்த்தரப்பு வக்கீல்கள் இரண்டு பேர் பேசினார்கள். நம் கலாச்சாரத்தில் பெண்ணுக்கு இடமே இல்லை என்கிற அளவுக்கு ஒருவர் போனார். இன்னொருவர், தன் மகள் திருமணத்துக்கு முன்பு யாரோடாவது பழகினால் குடும்பத்தின் கண்ணெதிரே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவேன் என்றார். நாடே கொந்தளித்தது. பார் கவுன்சில் இருவருக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. உச்ச நீதிமன்றப் பெண் வக்கீல்கள் சங்கம் வழக்கே போட்டது.

அந்தக் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். ஏனென்றால் அந்தப் பேச்சில் கட்சிக்காரருக்கு ஒரு துளி உதவியும் இல்லை. எந்தச் சாட்சியத்தையும் அது உடைக்கவில்லை. இறந்துபோன ஒரு பெண்ணையும், உயிரோடு இருக்கிற எல்லாப் பெண்களையும் அவமானப்படுத்தியது, அவ்வளவுதான். கோர்ட்டுக்குள்ளேயே அப்படிப் பேச இடமில்லை. பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் ஒழுக்கத்தையோ முந்தைய பாலியல் அனுபவத்தையோ இழுத்து, அவருக்குச் சம்மதம் இருந்தது என்று காட்டும்படி குறுக்கு விசாரணை செய்யக் கூடாது என்று 2013 சட்டத் திருத்தம் சொல்கிறது. கூண்டில் நிற்கும் பெண்ணிடம் கேட்கவே கூடாததை வாசலில் நின்று ஊருக்கே சொல்வதற்கு என்ன பெயர்?

இதே வழக்கில் கௌரவமான எதிர்வாதமும் நடந்தது. அதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். உச்ச நீதிமன்றம் ராஜு ராமச்சந்திரன், சஞ்சய் ஹெக்டே என்ற இரண்டு மூத்த வக்கீல்களைத் தனக்கு உதவ நியமித்தது. தண்டனை விதிப்பதற்கு முன், தூக்கு விதிக்கப்பட்ட நால்வரில் ஒவ்வொருவரின் சூழ்நிலையையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை என்று ராமச்சந்திரன் சுட்டிக்காட்டினார். அதன் பிறகு நீதிமன்றம் நால்வரையும் தனித்தனியே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யச் சொல்லி, அவற்றையும் பரிசீலித்த பிறகே 2017 மே மாதம் தூக்கை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை யாரும் அவசரத் தீர்ப்பு என்று சொல்லாமல் இருக்க இந்த வாதம்தான் உதவியது. மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட அஜ்மல் கசாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியதும் இதே ராமச்சந்திரன்தான்.

அதனால் அடுத்த முறை ஒரு வக்கீலின் பேச்சு வைரலானால், அவர் சாட்சியத்தைப் பற்றிப் பேசுகிறாரா, பாதிக்கப்பட்டவரைப் பற்றிப் பேசுகிறாரா என்று பாருங்கள். முதலாவது என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவது என்றால் தாராளமாகக் கண்டியுங்கள். ஆனால் அவர் வீட்டு முகவரியைப் பரப்புவது, பிள்ளைகளைத் திட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

நடவடிக்கைக்கும் வழி இருக்கிறது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி, அவர் பதிவு செய்திருக்கும் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்து அவரைக் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். ஒரு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். வெட்டி ஒட்டிய துணுக்கை நம்பிப் போகாதீர்கள். பேட்டியின் முழுப் பதிவையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.