ராணி முதுகுல குடித்தனம் பண்ற எறும்பு

கேள்வி: ஏனுங்க, தோட்டத்துல சோளத்தட்டு போருக்குப் பக்கத்துல ஒரு கல்லைப் புரட்டுனனுங்க, ஒரே புத்துல பொடி எறும்பும் இருக்குது, தலை மட்டும் பெருத்த எறும்பும் இருக்குது. வேற எறும்பு வந்து ஓசில திங்குதான்னு என்ற பையன் கேக்கறான், அப்பிடியெல்லாம் இருக்குங்களா? (ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: நீங்க பாத்தது ரெண்டும் ஒரே தாய் புள்ளைகதானுங்க. அந்தப் பெரிய தலைக்குள்ள பெரும்பாலும் தாடைச் சதை, கெட்டியான விதையை உடைக்கறது அதுகளோட வேலை.

ஆனா தம்பி கேட்டது அருமையான கேள்வி, ஏன்னா ஓசில பொழைக்கற எறும்பு நெசமாவே இருக்குது. 1949ல ஸ்விட்சர்லாந்துல சாஸ் ஃபீங்கற ஆல்ப்ஸ் மலை ஊருல ஹைன்ரிஷ் குட்டர்ங்கற எறும்பு ஆராய்ச்சிக்காரரு அப்பிடி ஒண்ணைக் கண்டுபிடிச்சாரு, அவரு வெச்ச பேரு டெலியூட்டோமிர்மெக்ஸ் ஷ்னைடெரி, ராணியே 2.5 மில்லிமீட்டர்தான். குயிலு காக்கா கூட்டுல முட்டை போட்டுட்டுப் போயிரும், இது டெட்ராமோரியம்ங்கற வேற எறும்போட புத்துல பூந்து அந்த ராணி முதுகுலயே ஏறி உக்காந்துக்கும். அதுக்குன்னே வயித்தோட அடிப்பக்கம் குழிஞ்சிருக்கும், கால்ல புடிச்சுக்க நல்லா பெரிய நகம். ஒரே ராணி மேல 8 வரைக்கும் ஏறியிருக்கறதைப் பாத்திருக்காங்க, பாவம் அது நகரக்கூட முடியாதுங்க.

இந்த எறும்புல வேலைக்காரங்கன்னே ஒரு வகை கெடையாது, தாடை தேஞ்சு போச்சு, கொடுக்கும் சுருங்கிப் போச்சு, எடம் குடுத்த டெட்ராமோரியம் எறும்புக கக்கி ஊட்டற தண்ணி ஆகாரத்தைக் குடிச்சே காலத்தை ஓட்டுது. அதுகளும் வெரட்டறதில்லைங்க, ஓயாம நக்கிவிட்டுப் பாத்துக்குதுக. இந்த ஓசி எறும்புல முத்துன ராணிக்கு வயிறு ஊதிரும், 30 செகண்டுக்கு ஒரு முட்டை. டெட்ராமோரியம் ராணியைக் கொல்லவும் கொல்லாது, ஏன்னா சோறு போட வேலைக்காரங்களைப் பெத்துக் குடுக்கறதே அதுதான். ஆனா அந்தப் புத்துல இருந்து டெட்ராமோரியத்தோட புது ராணி மட்டும் கெளம்பாது, அதான் எனக்கு ரொம்ப மலைப்பா இருக்கறது.

டெட்ராமோரியம் சாதியில வேற வேற எறும்புக நம்ம ஊர்லயும் இருக்குதுங்க, ஆனா ஷ்னைடெரியைத் தேடோணும்னா ஆல்ப்ஸ் மாதிரி வெளிநாட்டு மலைப் பக்கம் போகோணும், அங்கயும் நூறு புத்தைத் தோண்டுனாலும் கெடைக்கும்னு சொல்ல முடியாது. ஐயூசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட சிவப்புப் பட்டியல்ல அழியற ஆபத்துல இருக்கற உயிருகள்ல இதையும் சேத்திருக்காங்க. ஓசிச்சோறுதானேன்னு லேசா நெனைக்காதீங்க, அந்த மலைச்சரிவுல டெட்ராமோரியம் புத்து போச்சுன்னா இதுக்கு வேற போக்கிடமே இல்லைங்க.