காரின் முதுகில் மட்டும் ஏன் இவ்வளவு அழுக்கு?

சேலம் கோரிமேட்டில் ஏற்காடு சாலையை ஒட்டி வாட்டர் சர்வீஸ் நடத்துகிறேன். அதற்கு முன் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தேன். போன வாரம் மழையில் மலையிறங்கி, பைபாஸ் சுற்றி எங்கள் கடைக்கு வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். பானெட் பளபளவென்று இருந்தது. பின்பக்கத்தில் நம்பர் பிளேட்டே தெரியாத அளவு சேறு. ஏன் என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். பதில் இதோ.

அழகாபுரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, அது பின்னால் வந்த லாரி அடித்த சேறுதானே?

இல்லை தம்பி. பின்னால் வரும் லாரியின் சேறு, முன்னால் ஓடும் காரை எட்டிப் பிடிக்காது. அது அந்தக் காரே தன் முதுகில் பூசிக்கொண்டது.

டவுன் பஸ் போனதும் சாலையோரத்தைப் பாருங்கள். காகிதமும் சருகும் கொஞ்ச தூரம் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடும். வண்டி நகர்ந்ததும் அது விட்டுப்போன இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். ஆனால் கூரை மேலும் பக்கவாட்டிலும் வழுக்கி வந்த காற்று, பின்பக்கம் வெட்டினாற்போல முடிகிற இடத்தில் சட்டென்று உள்ளே மடங்காது. பிய்த்துக்கொண்டு நேராகப் போய்விடும். நடுவில் அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உண்டாகிறது. அதற்குள் காற்று சுழன்று, வண்டியை நோக்கியே திரும்பி வருகிறது. காவிரியில் பாலத் தூணுக்குப் பின்னால் பூவும் இலையும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்குமே, அதே கதைதான். சக்கரம் தூக்கி எறிந்த தூசி, நீர்த்திவலை, சைலன்சர் புகை எல்லாம் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு பின்பக்கத்தில் வந்து மோதுகின்றன. ஈரம் காய்ந்துவிடும், மண் தங்கிவிடும்.

இளம்பிள்ளையிலிருந்து: காற்று திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

உண்டு, உங்கள் ஊரில் அதற்கு வேண்டிய நூலுக்குப் பஞ்சமே இல்லை. விரல் நீளத்துக்குச் சேலை நூலை வெட்டி, மேல் முனையை மட்டும் டேப் போட்டுப் பின் கண்ணாடியின் வெளிப்பக்கம் வரிசையாக ஒட்டுங்கள். வேறு ஒருவர் ஓட்டட்டும், நீங்கள் பின் சீட்டில் திரும்பி உட்கார்ந்து பாருங்கள். எங்கள் ஹேட்ச்பேக்கில் (டிக்கி தனியாக நீளாமல், கூரை முடியும் இடத்திலேயே முடியும் கார்) ஒட்டி ஓமலூர் பைபாஸில் போனோம். நின்றபோது தொங்கிய நூல், வேகம் பிடித்ததும் நடுங்கியபடி கூரையைப் பார்த்து நிமிர்ந்துவிட்டது. முன்னாலிருந்து வரும் காற்று நேராகத் தொட்டிருந்தால் நூல் கீழ்நோக்கிப் படிந்திருக்க வேண்டும். கீழே சுழன்ற காற்று மேலேறி வருவதால்தான் அது நிமிர்கிறது. பாடத்தில் படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஓமலூர்: செடானில் பின் கண்ணாடிக்கு வைப்பர் இல்லை, ஹேட்ச்பேக்கில் இருக்கிறது. விலையைக் குறைக்கும் வேலையா?

பெரும்பாலும் தேவைதான் காரணம். டிக்கி தனியாக நீளும் செடானில் கூரைக் காற்று சரிந்த கண்ணாடியோடு ஒட்டியே இறங்கி, டிக்கியின் முனையில்தான் பிரிகிறது. கண்ணாடியை அதுவே துடைத்துவிடுகிறது. ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் கூரை முனையிலேயே பிரிந்துவிடுவதால் கண்ணாடி முழுக்கச் சுழலுக்குள் இருக்கிறது.

ஃபேர்லேண்ட்ஸ்: அப்படியானால் அத்தனை வழுவழுப்பாகச் செய்த ஸ்போர்ட்ஸ் கார் சுத்தமாக அல்லவா இருக்க வேண்டும்?

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காற்றுக்கு உண்மையில் பிடித்த வடிவம் மீன்: தலை உருண்டை, வால் நீளமாகக் கூம்பி முடியும். கார் அப்படிக் கூம்ப வேண்டுமென்றால் கொண்டை ஊசி வளைவில் திரும்பாத நீளத்துக்கு வால் வைக்க வேண்டும். 1930களில் ஜெர்மனியில் வுனிபால்ட் காம் என்ற பொறியாளரும் உடன் இருந்தவர்களும் கண்டது இதுதான்: வாலைக் கொஞ்ச தூரம் கூம்பவிட்டு, பாதியில் நறுக்கென்று வெட்டிவிட்டால்கூட முழு வாலின் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இன்றைக்கும் பல ஸ்போர்ட்ஸ் கார்களின் வெட்டிய பின்பக்கத்தில் அந்த யோசனை இருக்கிறது. சுழல் சிறிதாகும், இல்லாமல் போகாது.

அப்புறம் டயர். போர்ஷே 911 கரேரா எஸ் காரின் இப்போதைய தலைமுறையில் முன் டயர் அகலம் 245 மில்லிமீட்டர், பின் டயர் 305. அவ்வளவு அகலம் சாலையில் தேங்கிய தண்ணீரை அள்ளி எறிகிறது. அந்தத் தலைமுறைக் காரில் முன்சக்கர வளைவுக்குள் ஒலி உணரி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அடிக்கும் சத்தத்தைக் கேட்டே சாலை ஈரம் என்று ஓட்டுநருக்குச் சொல்லும். பின்சக்கரத்துக்கும் பம்பருக்கும் இடையே இடமும் குறைவு, மட்ஃப்ளாப்பும் கிடையாது. அடிப்பக்கக் காற்றை மேல்நோக்கி விரியவிடும் டிஃப்யூசர் வேறு, சக்கரத்தடி ஈரத்தைச் சுழலுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. அழகாகச் செய்த கார்தான். ஆனால் அதைச் செய்தவர்கள் பார்த்தது வேகத்தையும் சாலைப் பிடிப்பையும்.

சூரமங்கலம்: கடையில் ஸ்பாய்லர் வாங்கி மாட்டினால் பின்பக்கம் சுத்தமாக இருக்குமா?

பணத்தை மிச்சம் பிடியுங்கள். ஸ்பாய்லர் என்பது டிக்கி மேலோ கூரை முனையிலோ மாட்டும் தகடு. அதன் முதல் வேலை வேகத்தில் பின்பக்கம் மேலே தூக்காமல் பார்ப்பது. 1998இல் வந்த முதல் ஆடி டிடி காரில் அது இல்லை. அதிவேகத்தில் பின்பக்கம் பிடி இழந்து விபத்துகள் நடந்த பிறகு கம்பெனியே ஸ்பாய்லர் பொருத்திக் கொடுத்தது. பழைய ஸ்டேஷன் வேகன்களில் கூரை முனையில் ஒரு தகடு இருக்கும், அது காற்றைக் கண்ணாடி மேல் வழித்துவிடும். அழுக்கு குறையும், காற்றுத் தடை கூடும்.

நாகலூர், எஸ்டேட்டிலிருந்து: மலையில் 25, 30 கிலோமீட்டருக்கு மேல் போவதே இல்லை. எங்கள் ஜீப்புக்குப் பக்கவாட்டில்தான் சேறு அதிகம். ஏன்?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். மெதுவாகப் போகும்போது சக்கரம் எறிவது பெரிய துளி. அது காற்றின் பேச்சைக் கேட்காது, நேராகக் கதவிலும் படியிலும் விழும். வேகம் கூடினால்தான் தண்ணீர் பொடிந்து புகை மாதிரி ஆகும், அந்தப் பொடியைத்தான் சுழல் இழுக்கும். எங்கள் கடைக்கு வரும் வண்டி எங்கே ஓடியது என்று பாதி நேரம் நாங்களே சொல்லிவிடுவோம். கதவுக்குக் கீழே கட்டிச் செம்மண் என்றால் எஸ்டேட் பாதை. பின்பக்கம் முழுக்க, சல்லடையில் சலித்தது போல மெல்லிய பூச்சு என்றால் பைபாஸ். விரலில் மாவு போல வெள்ளையாக வந்தால் வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம். சைலன்சரைச் சுற்றி மட்டும் கறுப்பு என்றால் கரி.

அயோத்தியாப்பட்டணம்: மாம்பழ சீசனில் கூடை ஏற்றினால் டிக்கி மூடாது. கயிற்றில் கட்டிக்கொண்டு ஓட்டுவேன். பழத்தில் தூசி படியாமல் என்ன செய்யலாம்?

அண்ணே, தூசியை விடுங்கள், தயவுசெய்து இனி அப்படி ஓட்டாதீர்கள். சேற்றை இழுக்கும் அதே சுழல்தான் சைலன்சர் புகையையும் இழுக்கிறது. டிக்கி திறந்திருந்தால் அது நேரே வண்டிக்குள் வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலைவலி, பிறகு தூக்கக் கலக்கம், அப்படியே நினைவு தப்பிவிடும். பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் மோசம். இரண்டு நடை போங்கள், இல்லையென்றால் ஒரு குட்டி யானை பிடியுங்கள்.

தாரமங்கலம்: ரிவர்ஸ் கேமராவில் எப்போதும் மங்கல்தான்.

சுழல் அதிகம் பூசும் இடத்தில் அது இருக்கிறது. வோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் கேமராவைக் கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்து, ரிவர்ஸ் போட்டால் மட்டும் வெளியே வரச் செய்தார்கள். நமக்குத் தண்ணீர் பாட்டில்தான். காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், மண்ணில் இருக்கும் மணல் கீறிவிடும். பின்பக்கத்தைக் கடைசியாக, தனித் துணியில் கழுவுங்கள்.

தினமும் ஏற்காட்டுக்குப் போய்வரும் ஓர் ஆசிரியை: மழைக்காலத்தில் சாயங்காலம் பனிமூட்டத்தில் இறங்குகிறேன். கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது டீச்சர். காலையில் ஏறும் முன் பைபாஸில் வந்திருந்தால் பின் விளக்குகளின் மேல் அந்தப் பூச்சு ஏறியிருக்கும். உள்ளே இருந்து உங்களுக்குத் தெரியாது. அழுக்குக்குள் பிரேக் விளக்கு மங்கிவிடும். பனிமூட்டத்தில், 20 கொண்டை ஊசி வளைவில், பின்னால் இறங்கி வரும் பஸ்காரருக்கு உங்கள் வண்டி இருப்பதற்கு அந்த இரண்டு சிவப்புதான் அடையாளம். கிளம்பும் முன் ஈரத் துணியால் இரண்டு விளக்கையும் நம்பர் பிளேட்டையும் துடையுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. துணி இல்லாத நாளில் எங்கள் கடை வழியாகத்தானே ஏறுகிறீர்கள், ஹாரன் அடியுங்கள், பையன் வந்து துடைத்துவிடுவான்.