பழைய டிவிடியை எம்பி4 ஆக மாற்றினால் படம் கட்டம் கட்டமாகிறது. தரம் குறையாமல் மாற்ற என்ன வழி?

ஹட்டனில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் இருக்கிறேன். கல்யாண ஆல்பம் போக மீதி நேரமெல்லாம் எனக்கு இதே வேலைதான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில், உண்மையிலேயே மாற்ற வேண்டுமா என்று பாருங்கள். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் வெறும் சாக்குதான். உள்ளே இருக்கிற தூள்தான் வீடியோ: எம்பெக்-2, எச்.264, எச்.265 என்று படத்தை அமுக்கி வைக்கும் முறைகள். சாக்கை மாற்றினால் தூள் மாறாது. எம்கேவிக்குள் எச்.264 இருக்கிறது, உங்கள் டிவிக்கு எம்பி4 தான் வேண்டும் என்றால் லொஸ்லெஸ்கட், எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருளில் ‘கொப்பி’ முறையில், அதாவது உள்ளே இருப்பதைத் தொடாமல், மாற்றுங்கள். சீக்கிரமே முடிந்துவிடும், படத்தில் ஒரு புள்ளி கூட மாறாது. ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள், நானும் தினம் பாவிக்கிறேன். ஆனால் அதற்குச் சாக்கை மட்டும் மாற்றத் தெரியாது. எதைப் போட்டாலும் படத்தை அவிழ்த்து மறுபடி அமுக்கித்தான் தரும்.

அமுக்கும் ஒவ்வொரு தடவையும் மென்பொருள், கண்ணுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டுக் கொஞ்சத்தைத் தூக்கி எறிகிறது. இரண்டாம் தடவை அதற்கு எது அசல் படம், எது முதல் தடவை விழுந்த கட்டம் என்று தெரியாது. கட்டத்தையும் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டு, மிச்சமிருந்த படத்தை எறிந்துவிடும்.

போன மாசி மாதம் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருந்து ஒரு அண்ணன் பென் டிரைவோடு வந்தார். உள்ளே அவருடைய அப்பா ரதி வேஷம் கட்டி ஆடிய காமன் கூத்து. “தம்பி, அப்பா மூஞ்சி தெரியுற மாதிரி பண்ணிக் குடுங்க” என்றார். போட்டுப் பார்த்தேன். தீப்பந்த வெளிச்சம், தப்பு அடிக்கிறவர்களின் கை ஆட்டம், பின்னால் விடியற்காலைப் பனிமூட்டம். அமுக்கத்துக்கு இதைவிடக் கஷ்டமான படம் கிடையாது. பனி, மெல்ல மெல்ல மாறும் வெள்ளையாக இல்லாமல் படிப்படியாகப் பட்டை விழுந்து நின்றது. முகம் இருந்த இடத்தில் நாலு சதுரம். விசாரித்தால், டிவிடியில் இருந்து ஏவிஐ, அதில் இருந்து பழைய போனுக்கு ஒன்று, அதில் இருந்து எம்பி4. மூன்று தடவை அமுங்கிய படம். அதை எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவு அளவை, கூட்டினாலும் ஃபைல்தான் பெருக்கும்.

“அண்ணே, டிவிடி இருக்கா?” என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு கொண்டுவந்தார். லயத்தில் அம்மாவின் தகரப் பெட்டிக்குள் சேலைக்கு நடுவே இருந்திருக்கிறது. நம்ம ஊர் ஈரத்தில் பூஞ்சணம் லேசாகப் பிடித்திருந்தது. மெல்லிய துணியால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி, வாசிக்க முடியாமல் போகும்.

இனி நான் செய்தது. டிவிடியை மேக்எம்கேவி என்ற மென்பொருள் மூலம் அப்படியே எம்கேவி ஆக எடுத்துக்கொண்டேன். இதில் எம்பெக்-2 கை படாமல் வரும், அதுதான் மூலம். போனில் ஓட எச்.264 வேண்டும், ஆகவே ஒரே ஒரு தடவை அமுக்கித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு தடவைக்குள் எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டும். வெட்டுவது தனி, திருத்துவது தனி என்று நடுவில் சேமித்தால் மறுபடி பழைய கதைதான்.

நம் நாட்டு டிவிடி பெரும்பாலும் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறை: 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் வெவ்வேறு நேரத்தில் எடுத்த இரண்டு அரைப்படங்கள் பின்னிக் கிடக்கும். அதைப் பிரிக்காமல் மாற்றினால் ஆடுகிறவர் கையெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். ஹேண்ட்பிரேக்கில் இப்படிப் பிரிக்கும் டீஇன்டர்லேஸில் ‘பொப்’ தேர்ந்தெடுத்து 50 ஃபிரேமாக எடுத்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். 25 ஆக்கினால் பாதி அசைவு போய்விடும். இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. தரம் குறைந்தது என்று சொல்வதில் பாதி இந்தக் கோளாறு. காட்சி விகிதம் 4:3 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் மெலிந்துவிடுவார்கள். 1080 வரி எச்டி அளவுக்குப் பெரிதாக்க வேண்டாம், இல்லாத விவரம் வராது.

பிட்ரேட் எண்ணைத் தட்டாமல் தர எண்ணைக் கொடுங்கள், ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப். எண் குறையக் குறையத் தரம் கூடும். எச்.264 ஆக அமுக்கித் தரும் எக்ஸ்264 நிரலின் வழமை 23, நான் இந்த மாதிரிப் படத்துக்கு 18 வைக்கிறேன். ஆறு எண் குறைத்தால் ஃபைல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அமுக்கும் வேகத்துக்கான பிரீசெட் ‘ஸ்லோ’. முழுதாக ஓட விடுவதற்கு முன், இருக்கிறதிலேயே மோசமான ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி மூலத்தோடு ஒரே இடத்தில் நிறுத்தி ஒப்பிடுங்கள். நான் பனியும் பந்தமும் சேர்ந்து வரும் இடத்தை எடுத்தேன். ஒலியை முடிந்தால் கொப்பி, போன் ஏற்காவிட்டால் ஏஏசி ஒலி முறை, பிட்ரேட் 192.

அண்ணன் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அங்கேயே நின்று கொழும்பில் வேலை செய்யும் தம்பிக்கு மெசேஜில் அனுப்பினார். பத்து நிமிடத்தில் தம்பி எடுத்து, “என்ன அண்ணே, அதே மங்கல்தானே” என்கிறார். வீடியோவாக அனுப்பியதில் செயலி தன் பங்குக்கு இன்னொரு தடவை அமுக்கிவிட்டது. டொகியுமென்டாக அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன்.